பாதத்துக்கு முட்டுக் கொடுக்காதீர்கள்

“உங்க பையனுக்கு உள்ளங்கால்ல குழியே இல்லையே!”

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் பிள்ளை வளர்ப்பவர்களில் பலர் இதை யாராவது ஒருவர் வாயால் கேட்டிருப்பார்கள். சொன்னவர் செருப்புக்கடைக்காரராக இருக்கலாம், பி.டி. வாத்தியாராக இருக்கலாம், போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய்த் திரும்பிவந்த சித்தப்பாவாகவும் இருக்கலாம். அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு மாறிவிடும். ‘இவனை நாளைக்கு மிலிட்டரில எடுக்கமாட்டானே’ என்று தொடங்கி, ‘சின்னதுலயே ஷூ போட்டுப் பழக்கியிருக்கணும்’ என்று வளர்ந்து, உள்ளே மேடு வைத்துச் செய்து தரும் சோலுக்கு மதுரையில் அட்வான்ஸ் கொடுப்பதில் முடியும்.

இந்தக் கவலைக்குப் பின்னால் ஒரு கருத்து குந்தியிருக்கிறது. பாதம் பலவீனமான உறுப்பு. உடம்பின் பாரத்தைத் தாங்க அதற்கு வெளியிலிருந்து முட்டு வேண்டும். முட்டு எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெறுங்காலில் நடப்பவன் வசதியில்லாதவன், அவன் கால் கெட்டுப்போகும். கடையிலும் பள்ளியிலும் ஆலை வாசலிலும், சில மருத்துவர்களின் மேசையிலும்கூட, யாரும் கேள்வி கேட்காமல் இது நடமாடுகிறது. இதில் பெரும்பகுதி தவறு என்பதே என் வாதம். ஒரு சிறு பகுதி சரி. அது யாருக்குச் சரி என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் தவறினால் காலே போய்விடும்.

முதலில் அந்தக் குழியைப் பார்ப்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட தசைகளும் நாண்களும் நார்களும். பாரம் தாங்குவது மட்டும்தான் வேலை என்றால் இத்தனை துண்டு தேவையில்லை, ஒரே கட்டை போதும். ஆனால் உழுத கரிசலிலும் கண்மாய்க் கரைச் சரிவிலும் கட்டைக் காலால் நடக்க முடியாது. மிதிக்கும்போது தளர்ந்து தரைக்கு ஏற்ப வளைய வேண்டும். அரை நொடி கழித்து அதே பாதம் விறைத்து உடம்பை முன்னால் தள்ள வேண்டும். இந்த இரண்டு வேலையையும் மாறி மாறிச் செய்வதற்காகவே பாதம் அப்படி அமைந்திருக்கிறது.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. குதிகால் எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது, அந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபடும். பாதத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் நெருங்கும், குழி உயரும். 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைத் தெளிவாக விளக்கினார். சந்தேகம் இருந்தால் இப்போதே சோதித்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். நீங்கள் எந்தத் தசையையும் இறுக்காமலே குழி தானாக எழும்பும். 1987-இல் மெக்நீல் அலெக்சாண்டர் என்ற ஆய்வாளரின் குழு, அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட பாதங்களை இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு இழந்து திரும்பப் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இந்த வளைவு அமுங்கி விரிந்தே சேமித்துக் கொடுக்கிறது என்று கண்டது. அமுங்குவதுதான் அதன் வேலை. அதற்கு அடியில் மேட்டை வைத்து அமுங்கவிடாமல் தடுப்பதை எப்படி உதவி என்பது?

இத்தனைக்கும் நாம் குழி என்று பார்ப்பது நீளவாக்கு வளைவை மட்டும்தான். குறுக்குவாக்கிலும் பாதத்துக்கு ஒரு வளைவு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பாதத்தின் நீளவாக்கு விறைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அந்தக் குறுக்கு வளைவிலிருந்து வருகிறது. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு காலண்டர் தாள் போதும். ஓரத்தைப் பிடித்து நீட்டினால் மறுமுனை தொங்கும். பிடித்த ஓரத்தைக் குறுக்காக லேசாக வளைத்தால் தாள் முழுவதும் விறைத்து நிற்கும். ஆக, ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் பதித்து, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று பார்த்து ஒரு பாதத்தின் பலத்தை முடிவுகட்டுவது, அட்டையைப் பார்த்துப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிற வேலை.

குழந்தைகளின் விஷயத்தில் இந்தச் சோதனைக்கு இன்னும் அர்த்தமில்லை. நடக்கப் பழகும் வயதில் ஏறக்குறைய எல்லாப் பாதமும் தட்டைதான். உள்ளங்காலில் கொழுப்பு இருக்கும், நார்கள் நெகிழ்ந்திருக்கும். முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு வளைவு தானாக உருவாகிவிடுகிறது. இந்தத் ‘தானாக’ என்பதைத்தான் வியாபாரம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மூன்று வயதில் மேடு வைத்த ஷூ போட்டான், ஏழு வயதில் குழி வந்துவிட்டது, ஆகவே ஷூ வேலை செய்தது! ஷூ போடாத பிள்ளைக்கும் அதே குழி வந்திருக்குமா என்று பார்த்தால்தானே உண்மை தெரியும்? அமெரிக்காவின் டெக்சஸில் வெங்கரும் சக மருத்துவர்களும் அதைத்தான் செய்தார்கள். தட்டைப் பாதமுள்ள சிறு குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குத் திருத்தும் ஷூ, சிலருக்கு உள்மேடு, சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று மூன்று வருடம் விட்டார்கள். 1989-இல் முடிவு வந்தது. எல்லாப் பிரிவிலும் பாதம் தேறியிருந்தது, ஒன்றுமே போடாத பிரிவிலும்தான்.

நம் பக்கத்து ஆய்வு ஒன்றும் இருக்கிறது, நம்மில்தான் பேர்பாதிப்பேருக்குத் தெரியாது. 1992-இல் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் 2,300 பள்ளிப் பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பும் சாண்டலும் போட்டவர்களிடம் குறைவு. 1995-இல் சச்சிதானந்தமும் ஜோசப்பும் வளர்ந்து முடிந்த 1,846 பேரைப் பார்த்தார்கள். ஆறு வயதுக்கு முன்பே காலணிக்குப் பழகியவர்களில் 3.24 சதவீதம், பதினாறு வயதில் தொடங்கியவர்களில் 1.75 சதவீதம். இது கணக்கெடுப்பு, பரிசோதனை அல்ல. ஷூ வாங்கித்தரும் வீட்டுப் பிள்ளைக்கு எடையும் கூடுதலாக இருக்கும், வெயிலில் விளையாட்டும் குறைவாக இருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். ஆனால் ‘சின்னதிலேயே ஷூ போட்டால் குழி வரும்’ என்பவரின் பக்கத்தில் எந்தக் கணக்கும் இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சித்திரை வெயிலிலும் கறுப்பு ஷூ, சாக்ஸ் கட்டாயம் என்று சீருடை விதி எழுதுகிற பள்ளிகள் எந்த அறிவியலை நம்பி எழுதுகின்றன?

அடுத்தது ராணுவ பயம். விடியுமுன் ரோட்டோரத்தில் ஓடும் நம் பையன்களில் பலருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்திய ராணுவத்தின் மருத்துவ விதிகள் தட்டைப் பாதத்தை மொத்தமாக நிராகரிக்கவில்லை. முன்காலில் எழும்பி நிற்கும்போது வளைவு திரும்பத் தோன்றினால், விரல்களில் நின்று நன்றாகக் குதிக்கவும் ஓடவும் முடிந்தால், பாதம் நெகிழ்வாகவும் வலியில்லாமலும் இருந்தால் ஏற்கலாம் என்கின்றன. விறைத்த தட்டைப் பாதம்தான் தள்ளுபடி. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான அறிவிப்புகளிலோ தட்டைப் பாதம் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை வரிக்கு ஆதாரம் என்ன? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடா ராணுவத்தின் 3,600-க்கும் மேற்பட்ட வீரர்களின் பாதங்களைச் சோதித்த ஹாரிஸும் பீத்தும், நெகிழ்வான தட்டைப் பாதம் ஊனத்துக்குக் காரணமல்ல என்று 1947-இலேயே எழுதிவிட்டார்கள். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரைப் பின்தொடர்ந்தது. மிகத் தட்டையான பாதக்காரர்களுக்குத்தான் காயம் குறைவு. உயர்ந்த குழிக்காரர்களுக்கு அதிகம். எந்தப் பாதத்தைப் பார்த்து ‘அழகான குழி’ என்று மெச்சுகிறோமோ, அதுதான் அணிவகுப்பு மைதானத்தில் முதலில் முறிகிற பாதம்.

‘அப்படியானால் எல்லாரும் வெறுங்காலில் நடக்கச் சொல்கிறீரா?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெறுங்காலுக்கு எதிரான மிக வலுவான சாட்சியம் நம் பக்கத்து ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1842-இல் மதுரை மருந்தகத்தில் ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்த நோய் இன்றும் மருத்துவ நூல்களில் ‘மதுரா ஃபுட்’. முள் குத்திய புண் வழியே மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ நுழைந்து, பாதம் வீங்கி, துளை துளையாகச் சீழ் ஒழுகி, எலும்புவரை தின்றுவிடும். கருவேல முள் நிறைந்த மானாவாரிக் காட்டில் வெறுங்காலில் திரிந்தவர்களின் நோய் அது. கொக்கிப் புழுவும் வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் ஏறியது. செருப்பு வந்ததால் பிழைத்த கால்கள் ஏராளம். இதை மறுப்பவன் முட்டாள்.

ஆனால் கவனியுங்கள். இந்த நோய்கள் தோலுக்குக் காப்பு இல்லாததால் வந்தவை. வளைவுக்கு முட்டு இல்லாததால் வந்தவை அல்ல. ஆடு மேய்ப்பவர்கள் காலில் கிடந்த டயர் செருப்பை நினைத்துப் பாருங்கள். லாரி டயரை வெட்டி, வார் வைத்துத் தைத்தது. முள் ஏறாது, தார் ரோடு சுடாது. குதிகாலில் உயரம் கிடையாது, உள்மேடு கிடையாது, முன்பக்கம் குறுகலும் கிடையாது; ஐந்து விரலும் விரிந்து மண்ணைப் பிடிக்கும். காலணி செய்ய வேண்டிய காரியத்தை அது செய்தது, பாதம் செய்ய வேண்டியதைப் பாதத்திடமே விட்டுவிட்டது. (பாரம் அதிகம், வார் கடிக்கும் என்பதும் உண்மை.) லிவர்பூலில் செய்து 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மெல்லிய, தட்டையான, நெகிழ்வான காலணியை ஆறு மாதம் அன்றாடம் அணிந்தவர்களின் பாத வலிமை 57 சதவீதம் கூடியது. உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை, வழக்கமாக நடந்ததோடு சரி.

வெறுங்காலில் உள்ளங்கால் காய்த்துப்போனால் உணர்வு மங்கும் என்பார்கள். கென்யாவில் அளந்து பார்த்து 2019-இல் சொன்னார்கள்: காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் நடையின்போது தரையை உணரும் திறன் குறையவில்லை. பித்தவெடிப்பு வேறு கதை. அது வறட்சி, பராமரிப்புக் குறைவு. எண்ணெயும் நுரைக்கல்லும் பார்த்துக்கொள்ளும்.

இனி ஆலைக்குள் வருவோம். பட்டாசுத் தொழில் பற்றி எழுத வரும் வெளியூர் நிருபர்களுக்குப் பிடித்தமான படம் ஒன்று உண்டு: அலுமினியப் பொடி படிந்து வெள்ளி பூசியதுபோல் மின்னும் வெறுங்கால். கீழே, ‘காலில் செருப்புக்கூட இல்லாமல்’ என்று ஒரு வரி. அந்த இரக்கம் நல்ல மனசிலிருந்து வருகிறது. ஆனால் இடம் தெரியாமல் வருகிறது. வெடிமருந்து அறைக்குள் இரும்பு, எஃகு, மணல் துகள் எதுவும் போகக்கூடாது என்பது வெடிபொருள் பாதுகாப்பின் அரிச்சுவடி. செருப்பின் ஆணியும், அடியில் ஒட்டிவரும் கல்லும் உரசினாலே போதும். அதைவிடப் பெரிய எதிரி நிலைமின்சாரம். ஈரப்பதம் குறைந்த நாளில் நைலான் சேலை உரசி நடக்கும் ஒரு மனித உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறிவிடும். வெறுங்கால் அதைத் தரைக்கு இறக்கிவிடும். சாதாரண ரப்பர் செருப்போ ஃபோம் செருப்போ அதை உடம்பிலேயே நிறுத்திவைக்கும், கை மருந்தைத் தொடும் வரை. அந்த அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வது எதற்கோ, வெறுங்காலும் அதற்குத்தான்.

அதற்காக வெறுங்காலே போதும் என்று முதலாளிமார்கள் கையைக் கழுவிக்கொள்ள நான் இடம் கொடுக்கவில்லை. தீப்பொறி விழுந்தால் வெறுந்தோல் வெந்துபோகும். மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் அடிப்பாகம் கொண்ட, ஆணி இல்லாத காலணிகள் உலகத்தில் இருக்கின்றன. கொடுப்பதானால் அதைக் கொடுக்க வேண்டும். தீபாவளி போனஸோடு ஒரு ஜோடி ஸ்பாஞ்சுச் செருப்பைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது உதவி இல்லை, ஆபத்து.

ஆலை வேலை பாதத்துக்குச் செய்யும் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. சாயங்காலம் ஆலை வேன் வந்து நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இறங்கும் பெண்களில் சிலர் முதல் நாலைந்து எட்டு குதிகாலை ஊன்றாமல், முன்காலை வைத்து வைத்து நடப்பார்கள். தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்வார்கள். பத்தடி போனதும் நடை சரியாகிவிடும். கேட்டால், “குதிங்கால் எரியுதுக்கா, காலையில எந்திரிச்சாலும் இதே மாதிரிதான்” என்பார்கள். நாள் முழுக்கத் தரையில் சம்மணமிட்டோ குத்தவைத்தோ உட்கார்ந்து திரி வைக்கிறார்கள், தாள் சுற்றுகிறார்கள். அசையாத நேரத்தில் கெண்டைக்காலும் உள்ளங்கால் நார்ப்பட்டையும் இறுகிப்போகின்றன. எழுந்து வைக்கும் முதல் எட்டில் முழுப் பாரமும் திடீரென்று அந்தப் பட்டையை இழுக்கிறது. நடக்க நடக்க அது இளகுகிறது. இங்கே காலுக்கு நேர்ந்த குறை வேலையில்லாமை. அதற்கு நாம் எழுதித் தரும் மருந்து, இன்னும் கொஞ்சம் ஓய்வு தரும் மெத்தைச் செருப்பு!

‘எம்.சி.ஆர். வாங்கிப் போடு’ என்பது, அதாவது மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு, இப்போது நம்மூரில் சுக்குக் கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. அந்த ரப்பருக்கு ஒரு வரலாறு உண்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் ஏன் ஆறாத புண் வருகிறது என்று வேலூரிலும் கரிகிரியிலும் ஆராய்ந்த டாக்டர் பால் பிராண்டும் அவர் வழி வந்தவர்களும் பரப்பியது அது. வலி தெரியாத பாதம் ஒரே இடத்தில் அழுத்தம் வாங்கிக்கொண்டே இருக்கும், எச்சரிக்கை மணி அடிக்காது. அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட மிருதுவான ரப்பர் வேண்டியிருந்தது. அற்புதமான கண்டுபிடிப்பு, உணர்வில்லாத காலுக்கு. உணர்வுள்ள காலுக்கு அதையே ஆயுள் மருந்தாக்கியது கடைக்காரர்கள்.

குதிகால் வலிக்குச் சோல் உதவுமா? ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்துச் செய்த 2006 ஆய்வில், சோல் போட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வருடத்தில் போலிச் சோல் போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அளவெடுத்துச் செய்த விலையுயர்ந்த சோல், கடையில் ரெடிமேடாகத் தொங்குவதைவிட மேலானதாகவும் தெரியவில்லை. 2015-இல் டென்மார்க்கில், சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, படியில் நின்று, மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது மாதத்தில் வெறுமனே நார்ப்பட்டையை நீட்டி இழுத்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு பிரிவினருக்கும் குதிகால் மெத்தை கொடுத்திருந்தார்கள். வித்தியாசம் பயிற்சியால் வந்தது. ஆலையில் மணிக்கு ஒருமுறை எழுந்து பத்துத் தடவை குதிகாலைத் தூக்க இடைவேளை விட்டால் உற்பத்தி ஒன்றும் படுத்துவிடாது.

இப்போது, முட்டு வேண்டும் என்பது சரியாகிவிடும் என்று தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிறு பகுதி. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் நான் மேலே சொன்ன எதையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வெறுங்காலில் கிளம்பும் கூட்டத்தில் இவர்களும் இருக்கிறார்கள். சுட்டது தெரியாது, குத்தியது தெரியாது. ராத்திரி பார்க்கும்போது கொப்புளம், பத்து நாளில் புண், பிறகு விரல். இவர்களுக்கு எம்.சி.ஆர். கட்டாயம், வீட்டுக்குள்ளும் செருப்புக் கட்டாயம். பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்திப் பார்க்கும் உணர்வுச் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். மாரியாத்தா செருப்புப் போட்டவர்களைத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பாதத்தைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால், பிள்ளையை முன்காலில் எழும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து பாருங்கள். குழி எழும்பி, குதிகால் உள்பக்கமாகத் திரும்பினால், வலியும் இல்லையென்றால், சோலுக்கு வைத்திருந்த காசைப் பத்திரப்படுத்திவிட்டுப் பிள்ளையைத் தெருவில் விளையாட விடுங்கள். எழும்பவில்லை, பாதம் விறைத்திருக்கிறது, அல்லது ஒரு காலில் மட்டும் அப்படி இருக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள், செருப்புக் கடைக்குப் போகாதீர்கள்.